அறிவுமதி போட்ட வாய்தா

"இனிமே இந்த வீட்ல யாரும் கத்தக் கூடாது!"

தங்கராசு இதை அறிவித்த வேகத்தில், பக்கத்து வீட்டு லூர்துசாமி பாதி முகச் சவர நுரையோடு மதில் பக்கம் ஓடி வந்தார்.

"என்னா மச்சான், பாம்பா?"

"பாம்பும் இல்ல, பல்லியும் இல்ல. முடிவு எடுத்திருக்கேன். இன்னையிலேர்ந்து எங்க வீட்ல கோவம் கெடையாது. சத்தம் கெடையாது. அமைதி!"

"அந்த முடிவ கொஞ்சம் மெதுவா எடுக்கக் கூடாதா? நீ அங்க கத்தி, எனக்கு இங்க கத்தி பட்டுடுச்சி பாரு."

லூர்துசாமி தாடையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

தங்கராசுவின் தொண்டையைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்குச் சோறு போடுவதே அந்தத் தொண்டைதான். மஞ்சக்குப்பத்தில் கோர்ட் டவாலி உத்தியோகம். வெள்ளை உடுப்பு, மார்புக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, பட்டையில் பித்தளை வில்லை. கோர்ட் வாசலில் நின்றுகொண்டு கட்சிக்காரர்கள் பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். அவர் கூப்பிட்டால் டீக்கடையில் நிற்கிறவர்கள் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருவார்கள். கேஸே இல்லாதவர்கள்கூட ஓடி வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். தொண்டையை எங்கே மாட்டுவது? "தமிழ்ச்செல்வி! தமிழ்ச்செல்வி! தமிழ்ச்செல்வி!" என்று மூன்று முறை கேட்டால் வெந்நீர் வேண்டும் என்று பொருள். மூன்றாவது கூப்பாட்டுக்குள் வெந்நீர் வரவில்லை என்றால் வள்ளென்று விழுவார். வெந்நீர் சூடாக இருக்கிறது என்றும் விழுவார். பெண்டாட்டி தமிழ்ச்செல்வி இதற்கெல்லாம் பதில் சத்தம் போடுகிறவள் இல்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி மாமா" என்பாள். அவள் சரி என்று சொன்ன காரியம் எதுவும் இதுவரை தங்கராசு சொன்னபடி நடந்ததில்லை என்பது வேறு விஷயம்.

அமைதிப் பிரகடனத்துக்குக் காரணம் மகள் அறிவுமதி. யூகேஜி படிக்கிறாள். ஐந்து வயது. இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் நாளே அவளுடைய டைரியில் சிவப்பு மையில் ஒரு வரி வந்திருந்தது. 'அம்மா, அப்பா இருவரும் வரவும்.'

இருவரும் போனார்கள். ஞானாம்பாள் மிஸ் அவர்களைக் குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் உட்கார வைத்தார். தங்கராசுவின் முழங்கால் மோவாயைத் தொட்டது.

"அறிவுமதி மறுபடியும் கடிச்சிட்டா சார். மூணாவது தடவ. மூணு தடவையும் அதே ஜான்சி, அதே வலது கை."

"வரிசையா எண்ணிக் கடிச்சிருக்காளே, கணக்குல கெட்டியா வருவா மிஸ்" என்று தங்கராசு சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவ நடந்தா எங்களால வெச்சிக்க முடியாது சார். மத்த புள்ளைங்க அம்மா அப்பால்லாம் கேக்குறாங்க. பிப்ரவரி கடைசி வெள்ளிக்கெழம ஜான்சி அப்பாவையும் கூப்புட்டு உக்காந்து பேசுவோம். அதுக்குள்ள கடிக்கலேன்னா இங்கயே ஒண்ணாங் கிளாஸ் போகலாம். இல்லேன்னா நீங்க வேற எடம்தான் பாக்கணும்." மிஸ் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "வீட்ல யாராச்சும் கோவக்காரங்க இருக்காங்களா?"

"எங்க வீட்லயா? சேச்சே!"

தங்கராசு மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த எல்கேஜி பிள்ளைகளில் இரண்டு பேர் எழுந்து அழ ஆரம்பித்தார்கள். தமிழ்ச்செல்வி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸின் அந்தக் கேள்விதான் மறுநாள் காலை அமைதிப் பிரகடனமாக மதில் தாண்டிக் கேட்டது.

மிஸ்தான் சிதம்பரத்தைச் சொன்னார். தெற்கு வீதியில் லோகநாயகி என்று ஒரு அம்மா, சனிக்கிழமைதோறும் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு வைக்கிறாராம். படம் வரையலாம், களிமண் பிசையலாம், காகிதத்தில் முகம் செய்யலாம். மனசில் இருப்பதை வாயால் சொல்லத் தெரியாத வயதில் கையால் சொல்லப் பழக்குகிறார்களாம். நாலு சனிக்கிழமை அம்மாவும் பிள்ளையுமாகப் போக வேண்டும்.

"கோவத்துக்கு டியூஷனா?" வெளியே வந்ததும் தங்கராசு ஆரம்பித்தார். "இதுக்கு ஒன்னேகால் மணி நேரம் பஸ்ஸுல போயி மண்ணு பிசையணுமா? நான் ஒரு அதட்டு போட்டா போதும், எல்லாம் அடங்கிடும்."

"அஞ்சு வருஷமா போட்டுக்கினுதான இருக்கீங்க மாமா. அடங்கலியே."

"அப்ப கொஞ்சம் ஜாஸ்தியா போடணும்."

"சரி மாமா" என்றாள் தமிழ்ச்செல்வி. சனிக்கிழமை காலை அம்மாவும் மகளும் சிதம்பரம் பஸ்ஸில் இருந்தார்கள்.

சாயங்காலம் இரண்டு பேரும் கையெல்லாம் கலராக வந்து இறங்கினார்கள். அறிவுமதி ஒரு படத்தை நீட்டினாள். கோபம் எப்படி இருக்கும் என்று வரையச் சொன்னார்களாம். தாள் முழுக்க ஒரே ஒரு வாய். அதற்குள் முப்பத்திரண்டுக்கும் கூடுதலாகப் பல். வாய்க்குக் கீழே போனால் போகிறது என்று ஒரு வெள்ளை உடம்பு, அதில் சாய்வாக ஒரு சிவப்புக் கோடு.

தங்கராசு விழுந்து விழுந்து சிரித்தார். "யாரு பாப்பா இது? நம்ம லூர்துசாமி மாமா தான? வாயப் பாரேன், பஸ் ஸ்டாண்டு மாதிரி!"

அறிவுமதி அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "கை கழுவிட்டு வாங்க, தோசை ஊத்துறேன்" என்றாள். படம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டது.

அதற்குப் பக்கத்தில் மறுநாள் இன்னொன்று வந்தது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வட்டமாக வெட்டி, தாயும் மகளுமாக ஐந்து முகங்கள் செய்தார்கள். சிரிப்பு, கோபம், அழுகை, பயம். ஐந்தாவது முகத்தில் கண்ணும் இல்லை, வாயும் இல்லை. அதற்குப் பெயர் 'தெரியல'. ஒரு கயிற்றைக் கட்டி மூன்று பேருக்கும் ஆளுக்கொரு துணி கிளிப். யாருக்கு என்ன தோன்றுகிறதோ அந்த முகத்தை எடுத்து அவரவர் கிளிப்பில் மாட்ட வேண்டும்.

"இதெல்லாம் புள்ளைக்கு. என்ன என்னாத்துக்கு இழுக்குற?"

"பெரியவங்களும் மாட்டுனாத்தான் அவளும் மாட்டுவாளாம் மாமா. எப்பவும் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு தான இருக்கீங்க. அதத் தூக்கி இதுல மாட்டுங்க, அவ்ளோதான்."

மூன்று நாள் தங்கராசு அந்தப் பக்கமே திரும்பவில்லை. புதன்கிழமை ஆபீஸிலிருந்து களைத்து வந்தவர், விளையாட்டாக அழுகை முகத்தை எடுத்து மாட்டினார். உடனே அறிவுமதி ஓடி வந்து அவர் மடியில் உட்கார்ந்து, கன்னத்தைத் தடவி, நோட்டுப் புத்தகத்தால் விசிறினாள். தமிழ்ச்செல்வி ஒன்றும் கேட்காமல் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

பஜ்ஜியைக் கடித்தபோது தங்கராசுவுக்கு ஞானம் வந்தது. பன்னிரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் கத்தி வாங்க முடியாத பஜ்ஜியை ஒரு அட்டை வாங்கித் தருகிறது! இதை முதலிலேயே கண்டுபிடித்திருந்தால் எத்தனை பஜ்ஜி சாப்பிட்டிருக்கலாம் என்று கணக்குப் போட்டார். வியாழக்கிழமையும் அழுகை முகம் ஏறியது. அன்றைக்கு மிளகாய் பஜ்ஜி வந்தது.

வெள்ளிக்கிழமை செருப்பைக் கழற்றும் முன்பே அழுகை முகத்தை மாட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். தமிழ்ச்செல்வி வந்தாள். கையில் தட்டு இருந்தது. தட்டில் அரைக் கிலோ சின்ன வெங்காயம் இருந்தது.

"என்னா இது?"

"மூணு நாளா அழுகையாவே இருக்கீங்களே மாமா. மனசு தாங்கல. அழுகைய உள்ள அடக்கி வெக்கக் கூடாது, வெளிய விட்டுடணும்னு அந்த அம்மா சொன்னாங்க. இத உரிங்க. தாராளமா வரும்."

"இப்ப பரவால்ல. அழுகை போயிடுச்சி."

"அது எப்புடி அதுக்குள்ள போவும்? அடக்காதீங்க மாமா."

அறிவுமதி எதிரே உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை முன்னால் பொய் சொன்னதாக ஆகிவிடக் கூடாதே. அரைக் கிலோவையும் உரித்தார். உண்மையாகவே அழுதார்.

தங்கராசு லேசுப்பட்டவர் இல்லை. மறுவாரம் முகத்தை மாற்றிப் பார்த்தார். கோபத்தை மாட்டினார்.

"கோவமா? கோதுமை மாவு பெசைங்க மாமா. கோவம் அப்புடியே வெரல் வழியா எறங்கிடுமாம். அமுக்கிப் பெசைங்க, சப்பாத்தி மெத்துன்னு வரும்."

பயத்தை மாட்டினார்.

"எதுக்குப் பயம்?"

"ஒண்ணுமில்ல... கரப்பான்பூச்சி."

"பயந்தா கிட்டப் போயிப் பாத்துடணும்னு சொன்னாங்க. பரண்ல நெறைய இருக்கு. ஏறி ஒழிச்சிக் குடுங்க, நான் ஏணியப் புடிச்சிக்கிறேன்."

சிரிப்பை மாட்டினார்.

"சந்தோஷமா இருக்கறவங்க சந்தோஷத்த மத்தவங்களுக்கும் குடுக்கணும் மாமா. பாத்திரம் தேய்ச்சிக் குடுத்தா நான் சந்தோஷமா இருப்பேன்."

இதற்கு மேல் வழியே இல்லை என்று கண்ணும் வாயும் இல்லாத 'தெரியல' முகத்தை மாட்டிவிட்டு வெற்றியோடு திரும்பினார். தெரியாதவனை யார் என்ன செய்ய முடியும்?

"பாவம், தெரியலியா? கைக்கு ஒரு வேல குடுத்தா மனசு தானா சொல்லிடுமாம். இந்தாங்க, ரெண்டு கட்டு முருங்கக்கீரை. நிதானமா ஆயுங்க."

மதிலுக்கு மேலே லூர்துசாமியின் தலை தெரிந்தது. "என்னா மச்சான், இன்னிக்கு எந்த மூஞ்சி?"

"மூஞ்சி இல்லாத மூஞ்சி" என்றார் தங்கராசு, ஒரு ஈர்க்கை உருவியபடி.

வள்ளென்று விழுந்திருக்கலாம். ஆனால் விழுந்தால் கோபம் என்று சொல்லிச் சப்பாத்தி மாவு வந்துவிடும். ஆகவே அவர் விழவில்லை. இப்படியே மூன்று வாரம் அந்த வீட்டில் சத்தம் குறைந்திருந்ததை அவர் கவனிக்கவும் இல்லை. தெருவே கவனித்தது. பால்காரர் மட்டும், "சாருக்கு உடம்பு சரியில்லியா?" என்று விசாரித்தார்.

அறிவுமதியும் கூடவே உட்கார்ந்து மாவு பிசைந்தாள். கீரைக் காம்பில் பொம்மை செய்தாள். பள்ளிக்கூடத்தில் கடி எதுவும் விழவில்லை என்று டைரி சொன்னது. என்றாலும் தங்கராசுவால் அதை நம்பி இருக்க முடியவில்லை. ஜான்சிக்கு அம்மை போட்டிருந்ததால் அந்தப் பிள்ளை மூன்று வாரமாகப் பள்ளிக்கூடமே வரவில்லை. கடிக்க ஆள் இல்லாதபோது கடிக்காமல் இருப்பது ஒரு பெரிய காரியமா? வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குத்தான் ஜான்சி திரும்ப வருகிறாள்.

நாலாவது சனிக்கிழமை முடிந்து, ஞாயிற்றுக்கிழமை காலை. தங்கராசு குளித்துவிட்டு வந்தவர் கூடத்து வாசலில் நின்றுவிட்டார்.

அறிவுமதி களிமண்ணில் செய்த பொம்மைகளை வரிசையாக நிற்க வைத்திருந்தாள். வெள்ளை ஷிம்மீஸ் போட்டிருந்தாள். தோளிலிருந்து இடுப்புக்குத் தன்னுடைய சிவப்பு ரிப்பனைக் குறுக்காகக் கட்டியிருந்தாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூப்பிட்டாள்.

"ஜான்சி! ஜான்சி! ஜான்சி!"

களிமண் ஜான்சி பதில் சொல்லவில்லை.

"வாரண்ட்!" என்றாள் அறிவுமதி. பொம்மையை எடுத்தாள். வலது கையைக் கடித்துத் துப்பினாள்.

தங்கராசு மகளின் ரிப்பனைப் பார்த்தார். ஃபிரிட்ஜ் கதவில் இருந்த படத்தைப் பார்த்தார். வெள்ளை உடம்பு. சாய்வாகச் சிவப்புக் கோடு. அதற்கு மேலே அந்த வாய். லூர்துசாமி என்று சொல்லி அவர் விழுந்து விழுந்து சிரித்த வாய்.

வெட்கமாக இருந்தது. மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"பாப்பா, அந்தப் படத்துல இருக்கறது யாரும்மா?"

"அப்பா."

"அப்பா உன்ன கடிச்சிருக்கேனா?"

"இல்ல. நீ கத்துவ. எனக்குக் கத்த வரல. தொண்ட சின்னது." அறிவுமதி பொம்மைக்குக் கையை ஒட்ட வைத்துக்கொண்டே சொன்னாள். "அதான் கடிச்சேன்."

இந்த மூன்று கூப்பாட்டையும் வாரண்டையும் பிள்ளைக்குச் சொல்லித் தந்தது யார்? அவரேதான். சாப்பிட அடம்பிடிக்கும்போதெல்லாம், "மூணு தடவ கூப்புடுவேன், வரலேன்னா வாரண்ட்" என்று பெருமையோடு சொன்ன வசனம். பிள்ளை கோர்ட் நடைமுறையைச் சரியாகத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவர்தான் பாதியோடு நிறுத்திவிட்டார்.

"மூணு தடவ கூப்புட்டு வரலேன்னா எப்பவும் வாரண்ட் இல்லம்மா" என்றார் மெதுவாக. அவருக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. "ஜாஸ்தியா வாய்தா தான்."

"வாய்தான்னா?"

"ஜட்ஜ் ஐயா இருப்பாரு இல்ல, அவரு, 'சரி, இன்னிக்கு வேணாம், இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்'னு சொல்லிடுவாரு. அதுக்குப் பேருதான் வாய்தா."

"அப்பறம்?"

"அப்பறம் என்னா, எல்லாரும் டீ குடிக்கப் போயிடுவாங்க. அண்ணாகிராமத்துக்காரங்க ரெண்டு பேரு, வரப்புச் சண்ட. வரும்போது ஒருத்தர ஒருத்தர் அடிக்கப் போவாங்க. வாய்தா வாய்தான்னு போயி, இப்ப ரெண்டு பேரும் ஒரே சைக்கிள்ல வராங்க."

அறிவுமதி யோசித்தாள். "எனக்கு டீ?"

"நீ போயி படம் வரை. இல்லேன்னா மண்ணு பெசை. அதுதான் உன் டீ."

"எவ்ளோ நாளு வாய்தா?"

"உனக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ."

களிமண் ஜான்சியை மறுபடி நிற்க வைத்தாள். மூன்று தடவை கூப்பிட்டாள். பொம்மை வரவில்லை. அப்பாவைப் பார்த்தாள். "வாய்தா" என்று சொல்லிவிட்டு, பிடி மண்ணை எடுத்துப் பிசைய உட்கார்ந்தாள். அப்பாவுக்கும் ஒரு பிடி கொடுத்தாள். சமையலறை வாசலில் தமிழ்ச்செல்வி நின்றிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அந்த வீட்டில் வெங்காயம் உரிப்பது தங்கராசு என்பதால் அது வெங்காயத்தால் வந்த கலக்கம் இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அதே வகுப்பறை, அதே குட்டி நாற்காலி. ஜான்சியின் அப்பா அந்தோணிசாமி முன்கூட்டியே வந்திருந்தார். பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். கனத்த சரீரம். அவர் உட்கார்ந்திருந்ததில் நாற்காலி கண்ணுக்கே தெரியவில்லை. ஜான்சி உச்சி வெயிலில் முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சேஃப்டிக்கு" என்றார் அந்தோணிசாமி, தங்கராசு கேட்காமலேயே.

ஞானாம்பாள் மிஸ் இரண்டு பிள்ளைகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு தாளும் நடுவில் ஒரு கிரேயான் பெட்டியும் வைத்தார். "அவுங்க வரையட்டும். நாம பேசுவோம்" என்றார். ஆனால் நாலு பெரியவர்களின் எட்டுக் கண்ணும் அந்த மேசையில் இருந்தன.

அறிவுமதி சிவப்பை எடுத்து ஒரு பூ வரைந்தாள். பாதிப் பூவில் ஜான்சி அந்தச் சிவப்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

"குடு!" என்றாள் அறிவுமதி.

ஜான்சி தரவில்லை.

"குடு!"

அந்தோணிசாமி எழுந்திருக்கப் பார்த்தார். நாற்காலியும் அவரோடு எழுந்தது. தங்கராசுவுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு 'அறிவுமதி' கிளம்பித் தொண்டை வரை வந்துவிட்டது. இப்போது அதை விட்டால் எல்லாம் போச்சு. வீட்டில் யார் கோபக்காரர் என்ற மிஸ்ஸின் கேள்விக்கு அதுவே பதிலாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, கைக்குக் கிடைத்ததைப் பிடித்துப் பிசைந்தார். அமுக்கிப் பிசைந்தார்.

"சார்" என்றார் அந்தோணிசாமி. "அது என் கை."

"குடு!" மூன்றாவது கூப்பாடு. அறிவுமதியின் வாய் அகலமாகத் திறந்தது. ஜான்சி ஸ்வெட்டர் கையைப் பின்னால் மறைத்தாள்.

"வாய்தா!"

ஞானாம்பாள் மிஸ் பதறி எழுந்தார். "ஐயையோ, வாயத் தான்னு கேக்குறாளே! ஜான்சி, இங்க ஓடி வா!"

"இத்தினி நாளா கைதான் கேட்டா" என்று அலறினார் அந்தோணிசாமி. "இப்ப வாயே கேக்குறாளா? மிஸ், இந்த ஸ்வெட்டர் பத்தாது!"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மேசையை நோக்கி ஓடினார்கள். தமிழ்ச்செல்வி மட்டும் இருந்த இடத்தில் இருந்தாள். மேசையை அடைந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

அறிவுமதி நீல கிரேயானை எடுத்து, பாதிச் சிவப்புப் பூவின் மீதி இதழ்களை நீலத்தில் வரைந்துகொண்டிருந்தாள். அழுத்தி அழுத்தி வரைந்தாள். ஒரு தடவை கிரேயான் உடைந்தது. உடைந்ததை வைத்தே வரைந்தாள். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஜான்சி சிறிது நேரம் அந்தப் பூவைப் பார்த்தாள்.

"வாய்தான்னா என்னாடி?"

"அப்பறமா கோவப்படறது."

"அப்பறமான்னா எப்போ?"

அறிவுமதி யோசித்தாள். "தெரியல. இன்னொரு நாளைக்கு."

ஜான்சிக்கு அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். சிவப்பை நீட்டினாள். "இந்தா. எனக்கும் ஒரு ரெண்டு கலர் பூ போட்டுக் குடு."

தங்கராசு விட்ட பெருமூச்சில் மேசை மேலிருந்த தாள் பறந்தது. அந்தக் குட்டி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாக்பீஸ் தூள் என்றார். அன்றைக்கு யாரும் சாக்பீஸைத் தொடவே இல்லை. என் பிள்ளை கடிக்கிற பிள்ளை இல்லை, என் பிள்ளை கடிக்கிற பிள்ளை இல்லை என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஒரு மாசமாக நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்த பாரம் இறங்கியதில், உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடலாம் போலிருந்தது.

"அறிவுமதி இங்கயே ஒண்ணாங் கிளாஸ் படிக்கட்டும் சார்" என்றார் ஞானாம்பாள் மிஸ், சிரித்துக்கொண்டே. "யாரு சொல்லிக் குடுத்தது இந்த வாய்தாவ? ரொம்ப நல்லா யோசிச்சிருக்காங்க."

தங்கராசு நிமிர்ந்தார். இல்லாத சிவப்புப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். "நான்தான் மிஸ்! என்னோட ஐடியா!"

அந்தோணிசாமி கையை உதறிக்கொண்டே வந்தார். "சார், நீங்க நல்லா பெசையிறீங்க. ஒரு வருஷமா இருந்த தோள்பட்ட வலி போயிடுச்சி."

பாராட்டு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்ததில் தங்கராசு தரையிலேயே இல்லை. அந்த நேரம் பார்த்துத் தமிழ்ச்செல்வி கைப்பையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க மாமா."

"என்னா இது?"

"அட்மிஷன் ஃபாரம்."

"போடாம?" என்றார் தங்கராசு. கோர்ட் வாசலில் தினமும் பத்துப் பேரிடம், "படிச்சிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுய்யா" என்று புத்தி சொல்கிறவர், இந்தக் கையெழுத்தைப் படிக்காமல் போட்டார். கடைசி எழுத்துக்கு ஒரு சுழியும், அந்தச் சுழிக்குக் கீழே ஒரு கோடும், கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளியும் வைத்தார். "அறிவுமதி அட்மிஷனுக்கு அப்பன் கையெழுத்து இப்புடித்தான் இருக்கணும். எப்போ தொறக்குறாங்க? ஜூன்ல தான?"

"நாளைக்கே மாமா. காலையில ஏழு மணி பஸ்ஸு."

"நாளைக்குச் சனிக்கெழமையாச்சே? பஸ் என்னாத்துக்கு?"

"சிதம்பரத்துக்கு நடந்தா போவ முடியும்?"

தங்கராசு தாளைத் திருப்பிப் பிடித்தார். தலைப்பில் லோகநாயகி அம்மாவின் சனிக்கிழமை வகுப்பு என்று இருந்தது. மாணவர் பெயர் என்ற இடத்தில் தமிழ்ச்செல்வியின் முத்து முத்தான எழுத்தில் தங்கராசு என்று இருந்தது. மாணவர் கையொப்பம் என்ற இடத்தில் அவருடைய சுழியும் கோடும் இரண்டு புள்ளியும் இன்னும் காயாமல் இருந்தன. பாதுகாவலர் என்ற இடத்தில், ஒரு எழுத்து குட்டையும் ஒரு எழுத்து நெட்டையுமாக, பென்சிலில் எழுதியிருந்தது: அறிவுமதி, யூகேஜி.